சாலைக்கு வந்த சுற்றளவுப் பாடம்

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் பொங்கலையொட்டி 5 கி.மீ. சாலை ஓட்டம் நடத்துகிறது. வழக்கமாக பைக் மீட்டரைப் பார்த்தே தூரத்தைக் குறிப்பார்கள். இம்முறை அந்த வேலையை என் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்காகக் கேட்டு வாங்கினேன்.

கணக்கிடுதல்: சைக்கிள் சக்கரத்தின் விட்டத்தை அளந்து 70 செ.மீ. என்றனர். சுற்றளவு 22/7 × 70 = 220 செ.மீ. எனவே 5 கி.மீ.க்கு ஏறத்தாழ 2,273 சுற்றுகள். "விட்டம் 71 செ.மீ. ஆக இருந்தால்?" என்று கேட்டேன். பாதை 70 மீட்டருக்கு மேல் நீண்டது! ஒரு சென்டிமீட்டர் பிழை எப்படிப் பெருகுகிறது என்பது புரிந்தது.

சரிபார்த்தல்: ஆள் ஏறினால் டயர் சற்று அமுங்கும். ஆகவே ஒருவரை அமர வைத்து, 10 சுற்றுத் தூரத்தை டேப்பால் அளந்து பத்தால் வகுத்தோம்.

அளத்தல்: போக்குவரத்து குறைந்த அதிகாலையில், உடற்கல்வி ஆசிரியர் துணையுடன் சென்றோம். ஸ்போக்ஸ் கம்பியில் ரிப்பன் கட்டி, இரு குழுக்கள் தனித்தனியே எண்ணின.

பன்னாட்டுப் போட்டிகளிலும் சாலையை சைக்கிளால்தான் அளக்கிறார்கள். தூரம் குறைந்துவிடாதிருக்க 0.1 விழுக்காடு கூட்டுவார்கள், 5 கி.மீ.க்கு அது 5 மீட்டர். நாங்களும் கூட்டினோம்.

சிந்திக்க: இரு குழுக்களின் அளவும் ஏன் சற்று வேறுபட்டன? வளைவில் யார் எந்த ஓரமாகச் சென்றார்கள் என்று மாணவர்களே விவாதித்தனர். ஓடப்போவது அவர்களுடைய அண்ணன்களும் அக்காக்களும். தூரம் தவறினால் அவர்கள் எடுத்த நேரத்துக்கு மதிப்பில்லை. அதனால், விடையைச் சரிபாருங்கள் என்று நான் ஒருமுறைகூடச் சொல்ல நேரவில்லை.