படகின் மின்சுற்றில் பழுது காணல்

கற்றல் நோக்கம்: செய்முறை விளக்கக் கட்டுரையைப் படித்துப் பொருளுணர்தல், அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் கையாளுதல்.

பாடப்பகுதி

ஐதராபாத் நகரின் நடுவே உசேன் சாகர் ஏரி விரிந்துள்ளது. 16ஆம் நூற்றாண்டில் இப்ராகிம் குலி குதுப் ஷாவின் ஆட்சிக்காலத்தில் அமைக்கப்பட்டது இவ்வேரி. ஏரிப் பாறையின்மீது 1992ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஒற்றைக்கல் புத்தர் சிலையைக் காண, லும்பினி பூங்காத் துறையிலிருந்து படகுகள் செல்கின்றன.

இருள் சூழ்ந்தபின் படகுக்கு விளக்கே கண். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்புறம் வெள்ளை என ஒளிரும் விளக்குகளைக் கொண்டே, படகு எத்திசையில் செல்கிறது என்பதைப் பிற படகோட்டிகள் அறிவர். அடித்தளத்தில் சேரும் நீரை வெளியேற்றும் பம்பும் பெரும்பாலும் மின்சாரத்தாலேயே இயங்கும். ஆதலால் படகில் ஏற்படும் மின்பழுது வெறும் வசதிக் குறைவன்று. பயணியரின் உயிரோடு தொடர்புடையது.

மின்சுற்றின் அமைப்பு

வீடுகளில் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம் பயன்படுகிறது. சிறு படகுகளில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி தரும் நேர்திசை மின்சாரமே பயன்படுகிறது. பேட்டரியின் நேர்முனையில் புறப்படும் மின்னோட்டம் உருகி, சுவிட்சு, கம்பி ஆகியவற்றைக் கடந்து விளக்கை அடைகிறது. பின்னர் மற்றொரு கம்பி வழியே எதிர்முனைக்குத் திரும்புகிறது. மகிழுந்தில் அதன் இரும்பு உடலே திரும்பும் வழியாக அமைவதுண்டு. மரத்தாலோ கண்ணாடி இழையாலோ ஆன படகு மின்சாரத்தைக் கடத்தாது. எனவே திரும்பும் வழிக்கும் தனிக்கம்பி வேண்டும். பழுது தேடுவோர் செல்லும் வழியை மட்டும் ஆராய்ந்து, திரும்பும் வழியை மறந்துவிடுதல் கூடாது.

மூவகைப் பழுதுகள்

1. அறுந்த சுற்று: கம்பி அறுதல், இணைப்பு கழலுதல், உருகி எரிதல் ஆகியவற்றால் மின்னோட்டம் முற்றிலும் நின்றுவிடும்.

2. குறுக்குச் சுற்று: உறை தேய்ந்த இரு கம்பிகள் ஒன்றையொன்று தொடுவதால், மின்னோட்டம் விளக்கைச் சேராமல் குறுக்கு வழியில் மிகுதியாகப் பாயும். உருகி உடனே எரியும்.

3. மிகைத் தடை: இணைப்பில் களிம்பு ஏறுவதால் மின்னோட்டம் குறையும். விளக்கு எரியும், ஆனால் மங்கலாக எரியும்.

இவற்றுள் மூன்றாவதே கண்டறிய அரிது. ஈரமும் ஓயாத அதிர்வும் இணைப்புகளைத் தளர்த்துகின்றன. கழிவு கலந்த நீர்நிலைகளில் எழும் ஹைட்ரஜன் சல்பைடு வளியும் செம்பைக் கருக்கச் செய்யும்.

பழுது காணும் படிநிலைகள்

நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து மருத்துவம் செய்க என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் கூறும் நெறி. இங்கும் அதுவே முறை. கண்ணில் பட்ட பொருளை எல்லாம் மாற்றுவது பொருளிழப்பையே தரும்.

முதலாவதாக, ஒரு கருவி மட்டும் இயங்கவில்லையா, அனைத்துமா என்று நோக்க வேண்டும். அனைத்தும் நின்றால் பேட்டரியிலோ முதன்மை இணைப்பிலோ பழுது இருக்கும். ஒன்று மட்டும் நின்றால் அதற்குரிய கிளையில் தேட வேண்டும்.

இரண்டாவதாக, மல்டிமீட்டரால் பேட்டரியை அளக்க வேண்டும். நன்கு மின்னேற்றப்பட்டு ஓய்வில் உள்ள ஈய-அமில பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கும் கீழ் இறங்கினால் மின்னேற்றம் பெரிதும் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவதாக, உருகியைச் சோதிக்க வேண்டும். அது எரிந்திருந்தால், எரிந்ததன் காரணத்தைக் கண்ட பின்னரே புதியதைப் பொருத்த வேண்டும்.

நான்காவதாக, விளக்கை எரியவிட்டபடியே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். இதன் இன்றியமையாமையை ஓர் எடுத்துக்காட்டு விளக்கும்.

12 வோல்ட்டில் 24 வாட் விளக்கு 2 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கும். அதன் தடை 6 ஓம். களிம்பேறிய இணைப்பு ஒன்று மேலும் 1 ஓம் தடையைச் சேர்க்கிறது எனக் கொள்வோம். மொத்தத் தடை 7 ஓம் ஆகும். விளக்கின் தடை மாறாது எனக் கொண்டால், மின்னோட்டம் ஏறத்தாழ 1.7 ஆம்பியராகக் குறையும். களிம்பு 1.7 வோல்ட்டை விழுங்க, விளக்குக்கு 10.3 வோல்ட் மட்டுமே கிடைக்கும்.

விளக்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் அளந்தால் என்ன ஆகும்? மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாமையால் இழப்பும் இராது. மீட்டர் முழு 12 வோல்ட்டையும் காட்டும். கம்பி நன்றாக உள்ளது, விளக்கே பழுது என்ற தவறான முடிவுக்கு அது இட்டுச்செல்லும்.

ஆகவே விளக்கு எரியும்போது, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை விளக்கின் எதிர்முனையிலும் வைக்க வேண்டும். சுழியை ஒட்டிய அளவு வந்தால் திரும்பும் வழி நன்று. 1.7 வோல்ட் வந்தால் பழுது அவ்வழியிலேதான் உள்ளது. ஒவ்வோர் இணைப்பாக முனையை நகர்த்திச் செல்ல, அளவு சட்டெனக் குறையும் இடமே பழுதான இடம். நேர்முனை வழியையும் இவ்வாறே சோதிக்கலாம்.

காக்க வேண்டிய நெறிகள்

உருகி அடிக்கடி எரிகிறதென்று 5 ஆம்பியர் உருகிக்குப் பதிலாக 15 ஆம்பியர் உருகியைப் பொருத்துதல் பெருந்தவறு. உருகி காப்பது விளக்கையன்று; கம்பியை. தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்தால் கம்பி சூடேறி உறை தீப்பற்றும். நடு ஏரியில் தீ மூண்டால் ஓடித் தப்ப இடமில்லை. பேட்டரி மின்னேறும்போது ஹைட்ரஜன் வளி வெளிப்படும். பெட்ரோல் ஆவியோ படகின் அடியில் தங்கும். ஆதலால் பணிக்கு முன் காற்றோட்டம் வேண்டும், தீப்பொறி ஆகாது. கைக்கடிகாரம், மோதிரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். அளக்கும் நேரம் தவிர, சீர்செய்யும்போது பேட்டரி இணைப்பைத் துண்டித்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

செம்பின்மீது படியும் பச்சை நிறப் படிவத்தைத் தமிழர் ‘களிம்பு’ என்றனர். உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்குச் செம்பில் உள்ள களிம்பை உவமையாகக் கூறுவது சைவ சித்தாந்த மரபு.

அருஞ்சொற்பொருள்

உருகி – மிகை மின்னோட்டத்தில் உருகிச் சுற்றைத் துண்டிக்கும் கம்பி
வளி – வாயு
சுழி – பூச்சியம்
துறை – படகு நிற்கும் இடம்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: மின்னழுத்தம், இவ்வேரி, களிம்பேறிய.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக:
1. படகில் திரும்பும் வழிக்குத் தனிக்கம்பி தேவைப்படுவது ஏன்?
2. விளக்கைக் கழற்றிவிட்டு அளப்பதால் நேரும் பிழை யாது?

இ. கணக்கிடுக: எடுத்துக்காட்டில் களிம்பின் தடை 2 ஓம் எனில், விளக்குக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் எவ்வளவு?

ஈ. ‘உருகி காப்பது கம்பியை’ – இக்கூற்றை விளக்கி ஒரு பத்தி எழுதுக.