பரங்கிமலைக்கும் வழி உண்டு

கேள்வி: பிளஸ் டூவில் வரலாறு எடுத்த என் மகன் ராணுவ அதிகாரியாக விரும்புகிறான். ராணுவ அகாடமியிலேயே வரலாற்றுப் பட்டம் படிக்கலாமா?
- ஒரு தாய், ஆவடி

பதில்: படிக்கலாம், ஆனால் தனி வரலாற்றுப் பட்டமாக அல்ல. புனே அருகே கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் 3 ஆண்டு பயிற்சியோடு ஜே.என்.யூ.வின் பி.ஏ. கிடைக்கும், வரலாறு, அரசியல், புவியியல் எல்லாம் அதற்குள் வரும். தரைப்படைக்கு எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். சிக்கல் நுழைவுத் தேர்வில்தான். எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்ணில் 300 கணக்குக்கு! உங்கள் பையனுக்குக் கணக்கு வேப்பங்காய் என்றால், சென்னையிலேயே பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு சி.டி.எஸ். எனும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு எழுதட்டும். அதில் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குக் கணக்குத் தாள் கிடையாது. என் ஓட்டு இதற்கே. இரண்டு தேர்வையும் யூ.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது.