நுண்டுகளும் கருதலளவையும்

அணுவினும் நுண்ணிய துகள்களைப் பற்றி முறையாகப் பயிலாத அன்பர் சிலர், "1930-இல் பவுலி என்னும் பௌதிக நூலறிஞர் ஒருவருங் காணாத துகளொன்று உண்டென்றார், உலகம் ஏற்றது. யாம் கூறுவனவற்றைத் தள்ளுவதேன்?" என வினவுகின்றனர். இவ்வினா இகழ்தற்குரியதன்று, ஆராயற்பாலது.

அணுக்கரு சில சிதையுங்கால் எலெக்திரான் வெளிப்படும். வெளிப்படுவது அஃதொன்றேயாயின், ஒரேவகைக் கருவினின்று போந்த எலெக்திரான்கள் ஒரே அளவு ஆற்றலுடையனவாதல் வேண்டும். அளந்துழி, அவை பலவேறு அளவினவாயிருந்தன. குறைந்த ஆற்றல் யாண்டுச் சென்றது? மின்னேற்றமற்ற மற்றொரு துகள் அதனைக் கொண்டு சென்றதெனப் பவுலி கருதினார். புகைகண்டு தீயுண்மை துணிவார்போலக் காரியங்கொண்டு காரணங் கருதியவாறு இது. அதனையும் அவர் அச்சிடத் துணியாது, திருமுகமொன்றில் எழுதி, சோதனை வல்லாரது கருத்தை வேண்டினார். 1956-இல் ரைனஸ், கோவன் என்பார் அணுவுலையருகே அத்துகளை அதன் விளைவுகளாற் கண்டறிந்தனர். அதுவே நியூத்திரினோ.

பேரறிஞர்க்கே இச்சலுகை போலும் எனின், அற்றன்று. 2011-இல் நியூத்திரினோ ஒளியினும் விரைந்து செல்லக் கண்டேமென இத்தாலியில் ஆய்ந்த அறிஞர் குழுவினர் அறிவித்தனர். 2012-இல், காலமளக்குங் கருவியின் இணைப்பொன்று நெகிழ்ந்திருந்தமை வெளிப்படவே அம்முடிபு வீழ்ந்தது. காட்சியும் திரிபுடைத்தாயிற் கொள்ளப்படாதென்க.

ஆகவே, புதுக்கொள்கை கூறப் புகுவார் முதற்கண் தம்மையே வினவுக: இஃது அளந்தறிந்த எக்குறையை நிரப்புகின்றது? எத்துணையளவு நிரப்புகின்றது? எச்சோதனையிற் பிழைப்பின் இதனைக் கைவிடுவேம்? இவற்றிற்கு விடையுடையது கருதலளவை. விடையில்லது வெறுங் கற்பனை.