ஆறு வயதுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: மார்ட்டின் லூதர் கிங் நாளுக்கு ஏன் விடுமுறை என்று ஆறு வயது மகள் கேட்கிறாள். என்ன சொல்ல?
- ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: ரூபி பிரிட்ஜஸிலிருந்து தொடங்குங்கள். அவளுக்கும் அப்போது ஆறு வயதுதான். 1960 நவம்பரில், நியூ ஆர்லியன்ஸில் வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்துவந்த பள்ளிக்குள் மத்திய அரசின் மார்ஷல்களின் காவலோடு போன கறுப்பினச் சிறுமி. வாசலில் கூட்டம் கத்தியது. பெற்றோர் பலர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை அந்த ஆண்டு முழுக்க அவள் ஒருத்திக்கே பாடம் நடத்தினார்.

"ஏன் கத்தினாங்க?" என்பாள் மகள். தோலின் நிறத்துக்காக என்று மழுப்பாமல் சொல்லுங்கள். (வீட்டில் 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்று பேசுவதையும் நிறுத்துங்கள். பிள்ளை முதலில் கற்பது அதைத்தான்.)

இந்த நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் போராடியவர் கிங், அவர் நினைவாகத்தான் விடுமுறை என்று சொல்லி முடியுங்கள். 1994 முதல் கிங் நாள் சேவை நாளும்கூட. உணவு வங்கிக்கு அழைத்துப் போய் டப்பாக்களை அடுக்கச் சொல்லுங்கள். சில இடங்களில் வயது வரம்பு உண்டு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.