பிள்ளை இங்கிலீஷ் பேச அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியணுமா?



போன மாதம் குரும்பலூரில் குழுக் கூட்டம். கடன் கணக்கெல்லாம் முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில் ஒரு அக்கா கேட்டார்: "மேடம், எம் பொண்ணு பத்தாவது. இங்கிலீஷ்ல எண்பதுக்கு மேல வாங்குறா. ஆனா பேங்க் மேனேஜர் என்ன படிக்கிறேன்னு இங்கிலீஷ்ல கேட்டதுக்கு என் முந்தானைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா. ஏன்?"

காரணம் ரகசியமில்லை. பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வு முழுக்க எழுத்துத் தேர்வு. பேச்சுக்கு மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாததற்கு வகுப்பில் நேரமும் குறைவுதான். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பயிற்சி உண்டு. நல்லதுதான். ஆனால் அதற்குள் கூச்சம் ஊறிவிடும். எனக்கே நடந்தது. எம்.எஸ்.டபிள்யூ. முடித்துப் போன முதல் நேர்முகத் தேர்வில், உன்னைப் பற்றிச் சொல் என்று இங்கிலீஷில் கேட்டார்கள். பதில் தெரியும், வாய் வரவில்லை. அந்த வேலை போச்சு.

"எங்களுக்கே தெரியாதே, எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?" என்பீர்கள். சொல்லிக் கொடுக்க வேண்டாம், காது கொடுத்தால் போதும். தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். நம்ம வெங்காயப் பட்டறையைப் பற்றிக் கேளுங்கள். தரையிலிருந்து ஏன் உயர்த்திக் கட்டுகிறோம், காற்று எப்படிப் போகிறது, மழை வந்தால் என்ன செய்கிறோம்? சங்கதி உங்களுக்குத் தெரியும், வார்த்தை அவளுக்குத் தெரியும். "வீ கீப் ஆனியன்ஸ் ஹியர். ஏர் கோஸ் இன்." இவ்வளவு வந்தாலே தொடக்கம்தான். பட்டறைக்கு இங்கிலீஷ் வராவிட்டால் பட்டறை என்றே சொல்லட்டும். நீங்கள் தமிழிலேயே "அப்புறம்? ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது வாக்கிய வரிசையில். "அம்மா வெங்காயம் விற்றாள்" என்று தமிழில் விற்றது கடைசியில் வரும். இங்கிலீஷில் அம்மாவுக்கு அடுத்தே வந்துவிடும்: "மதர் சோல்ட் ஆனியன்ஸ்." யார், என்ன செய்தார், எதை என்று மூன்று விரலை மடக்கிக் காட்டுங்கள். இதற்கு எழுதப் படிக்கக்கூடத் தெரிய வேண்டாம்.

'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆகும். ஆகட்டும், டீச்சர் திருத்திக்கொள்வார். வீட்டில் யாராவது சிரித்தால் மட்டும் விடாதீர்கள். ஒரு சிரிப்புக்கு ஒரு மாதப் பேச்சு நின்றுபோகும். (சிரிக்கிற அப்பாவை ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லிப் பாருங்கள்.)

அடுத்த கூட்டத்துக்கு ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கணக்கு வாசிக்கும் முன் ஆளுக்கு இரண்டு நிமிடம். அந்த அக்காவின் பெண் பட்டறையைப் பற்றிப் பேச ஒத்துக்கொண்டிருக்கிறாள், முந்தானைக்குப் பின்னால் நின்றாவது.