புது லேப்டாப்பில் இணையம் வரவில்லையா? கடைக்குத் தூக்கிச் செல்லும் முன்

கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களுக்குக் கடைசித் தேதி நெருங்கும்போதெல்லாம் நம் மஹல்லாக் குடும்பங்களிலிருந்து ஒரே மாதிரியான முறையீடு வருகிறது. "வீட்டில் கேபிள் மோடம் இருக்கிறது, அத்தாவின் பழைய லேப்டாப்பில் இணையம் நன்றாக வருகிறது, பிள்ளைக்கு வாங்கிய லேப்டாப்பில் மட்டும் வரவில்லை" என்கிறார்கள். பதற்றத்தில் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லப்படுகிறது. ஃபார்மட் போட்டால் ஸ்கேன் செய்து வைத்த மதிப்பெண் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் அழிந்துபோகும். இணைப்பும் பல நேரம் வருவதில்லை. காரணம், கோளாறு பெரும்பாலும் லேப்டாப்புக்குள் இருப்பதில்லை. ஆகவே இந்த இதழின் பாடமாக இதையே எடுத்துக்கொண்டோம்.

முதலில் உங்கள் வீட்டில் இருப்பது கேபிள் மோடம்தானா என்று பாருங்கள். கேபிள் டிவிக்கு வரும் அதே தடித்த கறுப்பு வயர், நடுவில் ஒற்றைச் செம்புக் கம்பியோடு, திருகும் பின் வழியாகப் பெட்டிக்குள் போனால் அது கேபிள் மோடம். மெல்லிய ஃபைபர் இழை உள்ளே போகும் பெட்டி வேறு வகை. அதில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் இழையில் எங்கோ ஒளி வரவில்லை என்று பொருள்; நீங்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை, இணைப்புக்காரரைத்தான் அழைக்க வேண்டும்.

கேபிள் மோடமில் நாம் பார்க்க வேண்டியது அதன் விளக்குகளை. மின்சாரம் கொடுத்ததும் மோடம் முதலில் தெருவிலிருந்து வரும் சிக்னலைத் தேடும். பிறகு தன் பக்கத்திலிருந்து சிக்னல் அனுப்பிப் பார்க்கும். அதன்பின் நிறுவனத்தின் கணினியில் தன்னைப் பதிவு செய்துகொள்ளும். இந்த மூன்றும் முடிந்தால்தான் 'ஆன்லைன்' விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரியும். சில நிமிடங்கள் ஆகலாம், பொறுமை வேண்டும். கால் மணி நேரம் கழித்தும் சிமிட்டிக்கொண்டே இருந்தால் லேப்டாப்பைத் தொடாதீர்கள், கோளாறு வயரில் இருக்கிறது. பின்னைக் கையால் இறுகத் திருகுங்கள். மொட்டை மாடி வழியாக வரும் வயரில் மழைநீர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். டிவிக்கும் மோடமுக்கும் ஒரே வயரைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர் இருந்தால், அதைக் கழற்றிவிட்டு வயரை நேரடியாக மோடமில் மாட்டிப் பாருங்கள். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதிச் சிக்னலுக்கும் குறைவாகவே போய்ச் சேரும். டிவி தெளிவாகத் தெரிய வேண்டும் என்று இடையில் பூஸ்டர் வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. சாதாரண பூஸ்டர் சிக்னலை வீட்டுக்குள் வர மட்டுமே விடும், வெளியே போக விடாது. டிவி பளிச்சென்று தெரியும். மோடம் மட்டும் திணறும்.

இனி முக்கியமான விஷயம். ஆன்லைன் விளக்கு நிலையாக எரிகிறது, பழைய லேப்டாப்பில் இணையம் வருகிறது, அதே வயரைப் புதியதில் மாட்டினால் வரவில்லை. நம் பார்வைக்கு வரும் பெரும்பாலான வீடுகளின் கதை இதுதான். ஒவ்வொரு லேப்டாப்பின் நெட்வொர்க் பாகத்துக்கும் பிறப்பிலேயே 12 எழுத்து எண்கள் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. 'மேக் அட்ரஸ்' என்பார்கள். ரவுட்டர் சேர்க்காத சாதாரண கேபிள் மோடம் பல வீடுகளில் ஒரே ஒரு கருவிக்கு மட்டும் இணையம் தரும்படி அமைக்கப்பட்டிருக்கும். மின்சாரம் வந்தபின் முதலில் எந்தக் கருவியைப் பார்த்ததோ அதன் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். வேறொன்றை மாட்டினால் அதைக் கண்டுகொள்ளாது. வயரை மட்டும் பிடுங்கி மாட்டுவதால் அந்த நினைவு போகாது, மோடமை அணைத்தால்தான் போகும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். லேப்டாப்பை முழுமையாக அணையுங்கள். மோடமின் மின்வயரைச் சுவரிலிருந்தே பிடுங்கி இரண்டு நிமிடம் விடுங்கள். நெட்வொர்க் வயரைப் புது லேப்டாப்பில் மாட்டுங்கள். பிறகு மோடமுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, ஆன்லைன் விளக்கு நிலையாகும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகே லேப்டாப்பைப் போடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கரண்ட் போனாலும் மோடம் அணையாமலே ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். "நேற்று இரவு கரண்ட் போய்ப் போய் வந்ததே, அப்படியும் சரியாகவில்லையே" என்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. தொலைபேசியும் சேர்ந்த சில மோடங்களுக்குள் பேட்டரி இருக்கும். அதையும் கழற்ற வேண்டும்.

இப்படிச் செய்தும் வராவிட்டால் லேப்டாப்பிடமே கேட்கலாம். விண்டோஸ் லேப்டாப்பில் தேடும் இடத்தில் 'சிஎம்டி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் 'ஐபிகான்ஃபிக்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் கொடுங்கள். ஐபிவி4 முகவரி என்ற வரியில் 169.254 என்று தொடங்கும் எண் இருந்தால், மோடம் பக்கத்திலிருந்து முகவரி எதுவும் வராமல் லேப்டாப் தானாகவே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். ஒன்று மோடமின் நினைவு இன்னும் போகவில்லை, அல்லது நெட்வொர்க் வயர் சரியில்லை, அல்லது நிறுவனமே தன் அலுவலகப் பதிவில் பழைய லேப்டாப்பின் அடையாளத்தை மட்டும் அனுமதித்திருக்கிறது. வயரைச் சோதிப்பது எளிது: மாட்டும் இடத்தில் சிறு விளக்கு எரிய வேண்டும், எரியாவிட்டால் வேறு வயர் மாற்றுங்கள். பின்னில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்த வயர் மாட்டியது போலவே இருக்கும், ஆனால் தொடர்பு இருக்காது. மூன்றாவது காரணத்துக்கு, நிறுவனத்துக்கு ஃபோன் செய்து புது லேப்டாப்பின் அடையாளத்தைப் பதியச் சொல்ல வேண்டும். அதே கறுப்புத் திரையில் 'ஐபிகான்ஃபிக்', ஓர் இடைவெளி, சாய்கோடு, 'ஆல்' என்று தட்டினால் 'ஃபிசிக்கல் அட்ரஸ்' என்ற வரியில் அது தெரியும். ஈதர்நெட் என்ற தலைப்பின் கீழ் உள்ளதையே எடுங்கள். வைஃபைக்கு வேறு எண் இருக்கும்.

கல்லூரியிலோ கம்பெனியிலோ பயன்படுத்திய லேப்டாப் என்றால், அங்கே யாராவது நிலையான முகவரியை எழுதி வைத்திருக்கக்கூடும். நெட்வொர்க் அமைப்பில் முகவரியைத் 'தானாகப் பெறு' என்று மாற்றுங்கள். ப்ராக்ஸி என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்தால் அணையுங்கள். பழைய லேப்டாப்களில் இன்னொன்றும் நடக்கும். உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். இணைப்பு சரியாகவே இருக்கும். ஆனால் எந்த அரசுத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை வரும். தேதியைச் சரிசெய்தால் போதும்.

வைஃபை மூலம் இணைப்பவர்கள் விமானக் குறியுள்ள விசை தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய லேப்டாப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கண்ணுக்கே தெரியாது, 2.4 என்ற பெயரில் வருவதைத் தேர்ந்தெடுங்கள். மோடமும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால், மோடமிலிருந்து வரும் வயர் ரவுட்டரில் 'வான்' என்று எழுதிய துளையில்தான் போக வேண்டும். அது பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும். இரண்டு மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் ரவுட்டர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து. அதன்பின் மோடமுக்கு ரவுட்டர் ஒன்றுதான் தெரியும், அதன் பின்னால் எத்தனை லேப்டாப் இருந்தாலும் கவலை இல்லை.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்கிறோம். நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். மோசடிக்காரர்கள் தங்கள் எண்களை அங்கே போட்டு வைக்கிறார்கள். உங்கள் ரசீதில் உள்ள எண்ணையே அழையுங்கள். "ஒரு ஆப் இறக்குங்கள், உங்கள் திரையை நாங்களே பார்த்துச் சரிசெய்கிறோம்" என்றோ, உம்மாவின் ஃபோனுக்கு வந்த ஓடிபியைச் சொல்லுங்கள் என்றோ கேட்டால் உடனே துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

நிறுவனத்தாரிடம் பேசும்போது "நெட் வரலை" என்று மட்டும் சொன்னால் "மோடமை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்" என்ற பதிலே வரும். "ஆன்லைன் விளக்கு நிலையாக எரிகிறது, மோடமை அணைத்துப் போட்டுவிட்டோம், வயரும் மாற்றிவிட்டோம், லேப்டாப்பில் 169.254 வருகிறது" என்று சொல்லுங்கள். அவர்களால் அடுத்த படிக்குப் போக முடியும்.

இத்தனையும் பார்த்த பிறகும் முடியவில்லை என்றால், லேப்டாப்பை மட்டும் நம் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். சார்ஜரையும் மறக்க வேண்டாம். மோடம் தேவையில்லை. நம் இணைப்பில் போட்டு ஓடினால் லேப்டாப்பில் குறையில்லை என்று தெரிந்துவிடும். கடைசித் தேதி அன்றுதான் என்றால், விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து அனுப்பிவிட்டுப் போகலாம்.