மீன்வளம் மீள மறுப்பது ஏன்?

மீன்பிடிப்பை நிறுத்தினால் குறைந்துபோன மீன்வளம் தானே பெருகிவிடும் என்பது பொதுவான எண்ணம். கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாத் தென்பகுதியில் அவ்வாறு நிகழவில்லை. பெரிதும் அளவுக்கு மீறிப் பிடித்ததால் அங்கு காட் மீன்வளம் சரிந்தது. 1993-ல் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. பின்னர் சிறிதளவு அனுமதிக்கப்பட்டு, 2009-ல் மீண்டும் மூடப்பட்டது. எனினும் வளம் மீளவில்லை.

இதற்கு முக்கிய காரணம், அங்கு பெருகிவிட்ட சாம்பல் நிறக் கடல்நாய்கள். இவை முட்டையிடும் பெரிய மீன்களையும் தின்கின்றன.

ஊர் முழுவதும் சோளம் ஒன்றாகக் கதிர்விட்டால் பறவைச் சேதம் பரவி, ஒவ்வொருவருக்கும் குறைவாகவே இருக்கும். ஒரு வயல் மட்டும் முந்தினால் அதே பறவைகள் அதைப் பாழாக்கிவிடும். திரளாக இருந்தபோது தாங்கிய இழப்பை, எண்ணிக்கை குறைந்த மீனினமும் தாங்க இயலாது.

எனவே வளம் சரியுமுன்பே பிடிப்பைக் குறைப்பது நன்று.

பண்ணைக்குட்டையில் கெண்டை வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை:

1. குஞ்சு விடுமுன் நீரை வடித்து, விரால் போன்ற இரைதின்னி மீன்களை அகற்றவும்.
2. நீர் வரும் வழியில் சிறுகண் வலை கட்டவும்.
3. விரலளவு வளர்ந்த குஞ்சுகளையே விடவும்.